கழிவுநீர்க் குளம் பச்சையாவதும் சிவப்பதும் தெளிவதும்: பாசியும் மிதவை உயிரிகளும் செய்யும் வேலை

மாட்டுக் கொட்டகையிலிருந்தும் பன்றிக் கொட்டகையிலிருந்தும் வரும் கழிவுநீரை அடுத்தடுத்து அமைந்த குளங்களில் தேக்கிச் சுத்திகரிக்கும்போது, இரண்டாவது குளத்திலிருந்து தண்ணீர் பச்சையாகிவிடுகிறதே, அது நல்லதா கெட்டதா. அந்தப் பச்சை சில சமயம் இரண்டு மூன்று நாளில் மறைந்து தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவதும், சில சமயம் சிவந்துபோவதும் எதனால். பாசியை எடுத்துவிட வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா என்பது கேள்வி.

முதல் பகுதிக்கு விடை எளிது: இரண்டாவது குளமும் அதற்கு அடுத்தவையும் பச்சையாக இருப்பது நல்லது. ஆனால் எதற்கு நல்லது என்பதில் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். கழிவிலுள்ள கரிமப் பொருளின் பெரும்பகுதியைத் தின்று செரிப்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பகல் முழுவதும் தயாரித்துத் தருவதுதான் பாசியின் முதல் வேலை. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பாசி உறிஞ்சிக்கொள்கிறது என்பது உண்மையே என்றாலும், உறிஞ்சிய பாசியைக் குளத்தைவிட்டு வெளியே எடுக்காதவரை அவற்றில் பெரும்பங்கு தண்ணீரிலோ அடிக்கசடிலோ அங்கேயேதான் கிடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும்.

முதல் குளத்தில் பாசி ஏன் வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். கழிவுநீரின் வலிமையை அளக்க, அதைச் சிதைக்கப் பாக்டீரியாக்களுக்கு ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பார்கள், இதுவே பி.ஓ.டி. எனப்படுகிறது. வீட்டுக் கழிவுநீரில் இது 200 முதல் 300 வரை இருக்கும். பால் கறக்கும் இடத்தையும் முற்றத்தையும் கழுவிவிட்ட தண்ணீரில் 1000, 2000 என்று போகும். சாணமும் மூத்திரமும் கலந்த கெட்டிக் கரைசலில் 10,000-ஐத் தாண்டும். இவ்வளவு கழிவு வந்து விழும் இடத்தில் ஆக்சிஜன் ஒரு நொடியும் தங்காது. தண்ணீரின் பழுப்பு நிறமும் மிதக்கும் துகள்களும் சேர்ந்து சூரிய ஒளியை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடுகின்றன. போதாக்குறைக்கு அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் பாசிக்கு நஞ்சாகும் அளவில் இருக்கின்றன. ஆகவே முதல் குளத்தை 2 முதல் 5 மீட்டர் ஆழத்தில் வெட்டி, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களிடம் விட்டுவிடுவதே முறை. அங்கே திடப்பொருள் அடியில் படியும். கரிமப் பொருளின் பெரும்பங்கு மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிக் குமிழ்விடும். அந்தக் குளம் பச்சையாகவில்லையே என்று கவலைப்படுவது வீண் கவலை.

பாசிக்கு இடம் அடுத்த குளத்தில். அது 1 முதல் 2 மீட்டர் ஆழமுள்ளது. மேல்பகுதியில் ஆக்சிஜனும் அடிப்பகுதியில் ஆக்சிஜனின்மையும் ஒரே சமயத்தில் நிலவும். பாக்டீரியா கரிமப் பொருளைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடையும் அம்மோனியத்தையும் பாஸ்பேட்டையும் விடுகிறது. பாசி அவற்றை எடுத்துக்கொண்டு சூரிய ஒளியில் தன் உடலை வளர்க்கிறது. வளரும்போது ஆக்சிஜனை வெளியிடுகிறது. அந்த ஆக்சிஜனைப் பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை 1950-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்டும் உடன் பணியாற்றியவர்களும் அளவுகளோடு விளக்கினார்கள். உலர் எடையில் 1 கிராம் பாசி வளர்ந்தால் ஏறத்தாழ 1.5 கிராம் ஆக்சிஜன் வெளிவரும். சாதாரணக் குளத்தில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு 10 கிராம் பாசி வளர்கிறது என்று வைத்துக்கொண்டால் 15 கிராம் ஆக்சிஜன், அதாவது ஒரு ஹெக்டேருக்கு 150 கிலோ. இத்தகைய குளங்களில் தட்பவெப்பத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு ஹெக்டேருக்கு 100 முதல் 400 கிலோ பி.ஓ.டி. வரைதான் ஏற்றலாம் என்று வடிவமைப்பு நூல்கள் வரம்பு வைத்திருப்பதன் பின்னணி இதுதான். குளத்தின் கொள்ளளவைவிட வெயில் விழும் பரப்பே இங்கே கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முதல் குளத்தைக் கடந்து நாளொன்றுக்கு 10 கனமீட்டர் தண்ணீர், லிட்டருக்கு 500 மில்லிகிராம் பி.ஓ.டி.யோடு வருகிறதென்றால், வந்து சேரும் சுமை 5 கிலோ. ஹெக்டேருக்கு 200 கிலோ என்று எடுத்துக்கொண்டால் 250 சதுர மீட்டர் பரப்பு வேண்டும், 1.5 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் அங்கே ஏறத்தாழ 37 நாள் தங்கும். இடம் போதவில்லை என்று பரப்பைப் பாதியாக்கி ஆழத்தை இரட்டித்தால் தங்கும் நாள் அப்படியேதான் இருக்கும், ஆனால் ஆக்சிஜன் பாதியாகிவிடும். குளம் கறுத்து நாற்றமெடுக்கும் பண்ணைகளில் பெரும்பாலும் நடந்திருப்பது இந்தத் தவறுதான்.

இப்படி ஓடும் குளத்தை எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பது மிக முக்கியம். 25 பாகை செல்சியஸில் காற்றோடு சமநிலையிலுள்ள நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றே அதிகமான ஆக்சிஜன் கரைந்திருக்கும். நன்றாகப் பச்சை பிடித்த குளத்தின் மேற்பரப்பில் வெயிலுள்ள பிற்பகலில் இது 20-ஐத் தாண்டுவதுண்டு. அதே குளத்தில் விடியற்காலையில் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஏனென்றால் இரவில் பாசியும் பாக்டீரியாக்களைப் போலவே ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது. பிற்பகல் 2 மணிக்கு மட்டும் மாதிரி எடுத்துவிட்டுக் குளம் அருமையாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது சரியல்ல. விடியலுக்குச் சற்று முன் எடுக்கும் ஓர் அளவு, பகலில் எடுக்கும் பத்து அளவுகளைவிட அதிகம் சொல்லும்.

ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாகப் பாசி செய்யும் பெரிய மாற்றம் கார அமில நிலையில் (pH) நிகழ்கிறது; இந்த அளவில் 7 நடுநிலை, அதற்கு மேல் போகப்போகக் காரம். கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடைப் பாக்டீரியா தருவதைவிட வேகமாகப் பாசி எடுக்கத் தொடங்கியதும், தண்ணீரிலுள்ள பைகார்பனேட் பிரிந்து அந்தக் குறையை ஈடுகட்டும்; அப்போது ஹைட்ராக்சைடு மிஞ்சி, காரத்தன்மை ஏறும். பிற்பகலில் 9 வரை, சில குளங்களில் 10 வரைகூடப் போகும். இதனால் பல நன்மைகள் விளைகின்றன. கால்சியத்தோடு சேர்ந்து பாஸ்பேட் வீழ்படிவாகி இறங்குகிறது. நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, 7 என்ற நிலையில் பாதிக்குப் பாதி வாயு வடிவில் இருப்பது, 8-இல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மேல் அடுக்கில் ஆக்சிஜனும் இருப்பதால் அடியிலிருந்து எழும் சல்பைடு மேலே வருவதற்குள் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுகிறது. குடலிலிருந்து வரும் நோய்க்கிருமிகளுக்கு மூன்று தாக்குதல்கள் ஒருசேர வருகின்றன: அதிகக் காரத்தன்மை, அதிக ஆக்சிஜன், கடும் வெயில். இறுதிக் குளங்களை ஆழம் குறைவாக அமைப்பது இதற்காகத்தான். குடற்புழு முட்டைகள் மட்டும் இதற்கெல்லாம் அசைந்துகொடுப்பதில்லை. அவை கனத்தால் அடியில் படிந்தே நீங்குகின்றன.

ஆனால் கால்நடைக் கழிவுநீரில், வீட்டுக் கழிவுநீரில் அவ்வளவாகத் தலைகாட்டாத ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. தண்ணீரிலுள்ள அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கும்: அம்மோனிய அயனி, கட்டற்ற அம்மோனியா. முன்னது பாசிக்கு உணவு. பின்னது செல்லுக்குள் எளிதில் புகுந்து ஒளிச்சேர்க்கையையே நிறுத்தும் நஞ்சு. இரண்டில் எது எவ்வளவு என்பதைக் கார அமில நிலையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 பாகையில், கார அமில நிலை 7 என்றால் கட்டற்ற வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8-இல் ஏறத்தாழ 5 விழுக்காடு. 9-இல் 36 விழுக்காடு. சீனிடெஸ்மஸ் என்ற பச்சைப்பாசியை வைத்து அபெலியோவிச், அசோவ் ஆகிய இருவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், காரத்தன்மை 8-ஐத் தாண்டிய தண்ணீரில் மொத்த அம்மோனியா 2 மில்லிமோலாருக்கு மேல் போனால், அதாவது நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 28 மில்லிகிராமைத் தாண்டினால், ஒளிச்சேர்க்கையும் வளர்ச்சியும் தடைப்படத் தொடங்கும் என்று கண்டார்கள். கால்நடைக் கழிவுநீர்க் குளத்தில் 200 மில்லிகிராம் என்பது சர்வசாதாரணம். சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கரைசலில் 1000-க்கு மேலும் இருக்கும்.

இதன் விளைவு விசித்திரமானது. பாசி நன்றாக வேலை செய்தால் காரத்தன்மை ஏறும்; ஏறினால் கட்டற்ற அம்மோனியா பெருகும்; பெருகினால் பாசியின் ஒளிச்சேர்க்கை தளரும்; தளர்ந்தால் பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடு மிஞ்சிக் காரத்தன்மை மீண்டும் இறங்கும். அம்மோனியா மிகுந்த குளம் இப்படித் தன்னைத்தானே கடிவாளம் பிடித்துக்கொண்டு, வீட்டுக் கழிவுநீர்க் குளம் போல 9.5-க்கு ஏறாமல் கீழேயே நின்றுவிடும். எனவே நல்ல வெயிலிலும் உங்கள் குளம் மங்கலான பச்சையாகவே நிற்கிறதென்றால், உரம் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். உரம் அளவுக்கு மீறிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். கலனிலிருந்து வரும் கரைசலை 10 முதல் 20 மடங்கு நீர்த்துப் பாசிக் குளத்தில் விடுவது இதற்காகத்தான். நல்ல தண்ணீரை அதற்குச் செலவழிப்பதைவிட, கடைசிக் குளத்தின் பச்சைத் தண்ணீரையே திருப்பிக் கொண்டுவந்து கலப்பது புத்திசாலித்தனம்: அம்மோனியாவும் நீர்க்கும், வளர்ந்த பாசியும் விதையாக வந்து சேரும்.

இனி, குளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். கரிமக் கழிவைத் தாங்கி வாழும் பாசி இனங்களை 1969-இல் பட்டியலிட்ட மெர்வின் பாமர் என்ற அமெரிக்க ஆய்வாளர், முன்வரிசையில் யூக்ளினா, ஆசிலட்டோரியா, கிளாமிடோமோனாஸ், சீனிடெஸ்மஸ், குளோரெல்லா, நிட்சியா, நாவிக்குலா, ஸ்டிஜியோக்ளோனியம் ஆகியவற்றை வைத்தார். கால்நடைக் கழிவுநீர்க் குளங்களிலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவைதாம். சுமை கூடிய இரண்டாவது குளத்தில் கசையிழை கொண்டு நீந்தும் யூக்ளினாவும் கிளாமிடோமோனாஸும் மேலோங்கும். ஏனென்றால் கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இருக்கும் அடுக்கைத் தேடி நீந்திச் செல்ல அவற்றால் முடியும். சுமை குறைந்த கடைசிக் குளங்களில் நீந்தாத குளோரெல்லாவும் சீனிடெஸ்மஸும் அவற்றின் உறவினங்களும் பெருகும். மூன்றாவது குளத்திலும் யூக்ளினாவே ஆட்சி செய்கிறதென்றால் முன்குளங்கள் தம் பங்கைச் செய்யவில்லை என்று பொருள்.

இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு கண்ணாடிச் சீசாவில் தண்ணீரை எடுத்து, ஒரு பக்கத்தைக் கறுப்புத் தாளால் மறைத்து, மறுபக்கம் வெளிச்சம் படும்படி வையுங்கள். நீந்தும் இனங்கள் மிகுந்திருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளிச்சப் பக்கக் கண்ணாடியில் பச்சைக் கோடாக ஒதுங்கி நிற்கும். நீந்தாதவையானால் பச்சை எங்கும் சமமாக இருந்து, மறுநாள் மெல்ல அடியில் படியத் தொடங்கும். நுண்ணோக்கி வசதி உள்ளவர்கள் 400 மடங்கில் ஒரு துளியைப் பார்த்தால், யூக்ளினாவின் முன்முனையில் சிவப்புக் கண்புள்ளியும், உடலைச் சுருக்கி நீட்டிக்கொண்டு அது நெளியும் விதமும் தெளிவாகத் தெரியும். சீனிடெஸ்மஸ் நான்கு செல்கள் பக்கவாட்டில் ஒட்டி, ஓரச் செல்களில் முட்களோடு இருக்கும்.

நீந்தும் இனங்களின் இந்த இயல்புக்கு நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. வெயில் உச்சத்தில் அவை மேற்பரப்பிலிருந்து சற்றே இறங்கி, 20 முதல் 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓர் அடர்ந்த அடுக்காக நிற்கும். வெளியேற்றுக் குழாய் அந்த ஆழத்தில் இருந்தால் பகலில் அடர்ந்த பாசிக் குழம்பு போகும். அதே குழாயில் இரவில் தெளிவான தண்ணீர் போகும். இரண்டாவது குளத்தின் வெளியேற்றை மேற்பரப்பிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் கீழே வைக்கச் சொல்வது இதைத் தவிர்க்கத்தான்.

இப்போது தண்ணீர் திடீரென்று தெளிவதற்கு வருவோம். நேற்றுவரை அடர்பச்சையாக இருந்த குளத்தில் இன்று அடித்தரை தெரிகிறதென்றால், பலரும் குளம் சுத்தமாகிவிட்டது என்று மகிழ்ந்துபோவார்கள். உண்மையில் நடந்திருப்பது மேய்ச்சல். பாசியைத் தின்னும் விலங்கு மிதவை உயிரிகள், குறிப்பாக டாஃப்னியா, மொய்னா ஆகிய சிறு ஓட்டுயிரிகளும் ரோட்டிஃபர் வகையைச் சேர்ந்த பிராக்கியோனஸ் என்ற நுண்விலங்கும், பெருகிவிட்டன. இவற்றின் பெருக்கம் ஆண் துணை தேவைப்படாதது. பெண் உயிரிகள் தாமாகவே பெண் குஞ்சுகளை ஈனும். வெதுவெதுப்பான தண்ணீரில் மொய்னா பிறந்து ஒரு வாரத்துக்குள் தானே தாயாகிவிடும். வளர்ந்த டாஃப்னியா ஒன்று நாளொன்றுக்குப் பல மில்லிலிட்டர் தண்ணீரை வடிகட்டக்கூடியது. லிட்டருக்கு நூற்றுக்கணக்கில் அவை சேர்ந்துவிட்டால் குளம் முழுவதையும் ஓரிரு நாளில் வடிகட்டி முடித்துவிடும்.

அதன்பின் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆக்சிஜன் தந்துகொண்டிருந்த பாசி போய்விட்டது. ஆக்சிஜனைச் சுவாசிக்கும் உயிரிகள் பெருத்துவிட்டன. தின்ற பாசியிலிருந்த நைட்ரஜனை அவை அம்மோனியாவாகத் தண்ணீரிலேயே விடுகின்றன. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும்போதே ஆக்சிஜன் சரிந்துகொண்டிருக்கும். கடைசிக் குளத்தில் இது நடந்தால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால், மிதக்கும் திடப்பொருள் குறைந்த தண்ணீர் கிடைப்பதால் பாசனத்துக்கு அது வசதியும்கூட. உணவு தீர்ந்ததும் டாஃப்னியாக்கள் மடியும், கெட்டி உறை போர்த்திய உறக்க முட்டைகளை விட்டுச் செல்லும், சில நாளில் பச்சை திரும்பும். ஆனால் சுமை மிகுந்த இரண்டாவது குளத்தில் நடந்தால் உடனே செயல்பட வேண்டும்: வரும் கழிவைச் சில நாள் குறைப்பது, காற்றூட்டி இருந்தால் இரவில் ஓட்டுவது, பச்சையாக இருக்கும் வேறொரு குளத்தின் தண்ணீரைக் கொண்டுவந்து கலப்பது. பூச்சிக்கொல்லி தெளித்து டாஃப்னியாவைக் கொல்லும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த நஞ்சு குளத்தோடு நிற்காது.

கட்டற்ற அம்மோனியா இந்த மேய்ப்பு உயிரிகளுக்கும் நஞ்சுதான், அதுவும் பாசியைத் தாக்குவதைவிடக் குறைந்த அளவிலேயே. முன்குளங்களில் டாஃப்னியா பொதுவாகக் காணப்படாததற்கும், கடைசிக் குளங்களில் அது தோன்றுவதைச் சுத்திகரிப்பு முன்னேறியிருப்பதன் அடையாளமாகக் கொள்வதற்கும் இதுவே காரணம். மேய்ச்சல் வேறொன்றையும் செய்கிறது. வாயில் அடங்கும் தனிச்செல் பாசிகள் முதலில் தீர்ந்துபோக, கூட்டமாகவும் முட்களோடும் இருப்பவை தப்புகின்றன. டாஃப்னியா வாழ்ந்த தண்ணீரை வடிகட்டி, உயிரி ஒன்றுகூட இல்லாமல், சீனிடெஸ்மஸ் வளரும் குடுவையில் விட்டாலே, தனித்தனியாக இருந்த செல்கள் நான்கும் எட்டுமாகக் கூட்டம் சேர்கின்றன என்று 1990-களில் ஆய்வுகள் காட்டின. எதிரியின் வாசனையை மட்டும் அறிந்து உடலமைப்பை மாற்றிக்கொள்ளும் இந்த ஒற்றைச் செல்லின் திறமை, கழிவுநீரைப் பற்றிப் பேசும் இடத்திலும் வியக்காமல் கடக்க முடியாதது. நமக்கு அதில் ஆதாயமும் உண்டு. கூட்டமாக உள்ள பாசி விரைவில் அடியில் படியும்.

தெளிந்த தண்ணீரெல்லாம் மேய்ச்சலின் விளைவு ஆகாது. அதிகச் சுமையாலோ நஞ்சாலோ பாசி செத்தாலும் பச்சை போகும். வேறுபாட்டைச் சீசாவே சொல்லிவிடும்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், மேய்ச்சலானால் கடுகைவிடச் சிறிய உருக்கள் துள்ளித் துள்ளி ஏறி இறங்குவது வெறுங்கண்ணுக்கே தெரியும். அப்படி எதுவும் இல்லாமல் தண்ணீர் சாம்பல் நிறமாகி, அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்திருந்தால் அது சுமை மீறல்.

சிவப்புக்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் வெவ்வேறு. முதலாவது, மேலே சொன்ன டாஃப்னியாவே. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அது தன் உடலில் ஹீமோகுளோபினைப் பெருக்கிக்கொள்ளும். நிறமற்றிருந்த உயிரி இளஞ்சிவப்பாகும். ஆயிரக்கணக்கில் ஓரத்தில் திரளும்போது தண்ணீரில் சிவப்பு மேகம் படர்ந்தது போலத் தோன்றும். இரண்டாவது, யூக்ளினா சாங்குவினியா என்ற இனம். அதன் செல்லுக்குள் சிவப்பு நிறமித் துகள்கள் உண்டு. கடும் வெயிலில் அவை செல்லின் விளிம்புக்குப் பரவி உட்பகுதியை மறைக்கும், வெயில் தணிந்ததும் நடுவுக்கு ஒடுங்கும். நண்பகலில் செங்கல் நிறத்தில் ஏடு கட்டியிருந்து மாலையில் அதே ஏடு பச்சையாகத் தெரிந்தால் அது இதுதான். மீன்களுக்கு நஞ்சாகும் ஒரு பொருளை இது சுரப்பதால், கடைசிக் குளத்தில் மீன் விட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கால்நடைக் கழிவுநீரில் அடிக்கடி காணப்படுவது. முதல் குளமோ, சுமை மிகுந்த இரண்டாவது குளமோ முழுவதும் ரோஜா நிறமாகவோ ஊதா கலந்த சிவப்பாகவோ மாறும். இது பாசியும் அன்று, விலங்கும் அன்று. ஊதாக் கந்தக பாக்டீரியாக்கள், அதாவது குரோமேஷியம், தயோகாப்சா போன்றவை. இவையும் ஒளிச்சேர்க்கை செய்பவை. ஆனால் பாசி தண்ணீரைப் பிளப்பது போலன்றி, இவை ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக் கந்தகத் துகள்களாக மாற்றிச் செல்லுக்குள் சேர்த்துக்கொள்கின்றன. ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் இவற்றின் நிறமி ஏற்றுக்கொள்வதால், மேலே பாசி தின்றதுபோக மிஞ்சிய வெளிச்சத்திலும் பிழைக்கின்றன. சிவந்த குளத்தைப் பார்த்து அஞ்சி அதைக் காலிசெய்து கழுவியவர்கள் உண்டு. உண்மையில், ஆக்சிஜன் இல்லாத குளம் ஒன்றில் இந்த நிறம் தோன்றினால் நாற்றம் குறையும், அக்கம்பக்கத்தார் புகாரும் குறையும். இரண்டாவது குளத்தில் பச்சை போய் இது வந்தால் மட்டும் சுமை கூடிவிட்டதற்கான எச்சரிக்கை.

நீலப்பச்சைப் பாசியை மட்டும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை வாயுப் பைகளால் மிதந்து, காற்று ஒதுக்கும் கரையோரத்தில் பெயிண்ட் கொட்டியது போலத் திரளும். கீழுள்ள தண்ணீருக்கு வெளிச்சத்தை மறைக்கும். சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இத்தகைய நுரையைக் குடித்த ஆடுமாடுகள் இறந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் 1878-லேயே பதிவுசெய்தார். சுத்திகரித்த தண்ணீரைக் கொட்டகை கழுவப் பயன்படுத்தலாம். அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கால்நடைகளுக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது, குளத்தைச் சுற்றி வேலியும் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கி அசையாதிருக்கும் மூலைகளில்தான் இது முதலில் தலைதூக்கும் என்பதால், அந்த மூலைகளில் நீரோட்டம் ஏற்படுத்துவது பெரும்பாலும் போதும்.

பாசியை எடுக்க வேண்டுமா என்ற கடைசிக் கேள்விக்கு முன், பாசியால் எவ்வளவு நைட்ரஜனைத்தான் சுமக்க முடியும் என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவது நல்லது. பாசியின் உலர் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நைட்ரஜன், 1 விழுக்காடு பாஸ்பரஸ். சதுர மீட்டருக்கு 10 கிராம் வளர்ச்சியில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 8 கிலோ நைட்ரஜன். நிறையப் பால் கறக்கும் பெரிய மாடு ஒன்று சாணத்திலும் மூத்திரத்திலும் நாளொன்றுக்கு 300 முதல் 450 கிராம் நைட்ரஜன் வெளியேற்றும். அத்தனையும் குளத்துக்கு வந்தால் ஒரு ஹெக்டேர் குளத்தின் பாசி 20 மாடுகளுக்கு ஈடு. பாசி வளர்ப்பதற்கென்றே 30 சென்டிமீட்டர் ஆழத்தில், ஓட்டப்பந்தயத் தடம் போன்ற வளைவுகளில், துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரைச் சுழலவிடும் குளங்களில் வளர்ச்சி கூடுதல் என்பதால் இதை ஏறத்தாழ இரட்டிக்கலாம். அதற்கு மேல் போகாது. அடர்த்தி கூடக்கூடப் பாசி தனக்குத்தானே நிழலாகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் பாசியுள்ள தண்ணீரில் பயனுள்ள வெளிச்சம் 20 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதே அரிது. ஆகவே பெரிய பண்ணையின் மொத்த நைட்ரஜனையும் பாசி தீர்த்துவிடும் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், முதலில் எத்தனை ஹெக்டேர் என்று கேளுங்கள். அந்த நைட்ரஜனுக்கு உரிய இடம் வயல். திடச் சாணத்தை முன்கூட்டியே பிரித்து எருவாக்கி நிலத்தில் சேர்ப்பதுதான் குளத்தின் சுமையைக் குறைக்கும் மலிவான வழியும்.

எஞ்சிய தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே பாசியை எடுப்பதும் விடுவதும். பாசனத்துக்குப் போகிறதென்றால் விட்டுவிடுங்கள். மண்ணில் சேரும் பாசி மெல்லச் சிதைந்து நைட்ரஜனைக் கொடுக்கும். சொட்டுநீர்க் குழாய்கள் அடைத்துக்கொள்ளும் என்பது மட்டும் உண்மை. வாய்க்கால் பாசனமானால் அந்தத் தொல்லையும் இல்லை. ஓடையிலோ ஆற்றிலோ விடுவதானால் நிலைமை வேறு. நன்றாக இயங்கும் குளத்திலிருந்து வெளியேறும் தண்ணீரின் பி.ஓ.டி.யில் 70 முதல் 90 விழுக்காடு பாசியால் வருவதே. மூலக் கழிவு போய்விட்டது, ஆனால் அதே கரிமமும் நைட்ரஜனும் பாசியுருவில் போய்க்கொண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் பிறப்பித்த கழிவுநீர்ச் சட்டத்தில் நகர்ப்புறக் கழிவுநீர்க் குளங்களுக்கு மட்டும் மாதிரியை வடிகட்டிச் சோதிக்கலாம் என்று விலக்குக் கொடுத்து, வடிகட்டாத மாதிரியில் மிதக்கும் திடப்பொருள் 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அந்த விலக்கு நியாயமானதுதான். ஆனால் சிறிய ஓடைக்கு அது ஆறுதல் ஆகாது, வெளிச்சமில்லாத இடத்தில் சாகும் பாசி அங்கேயுள்ள ஆக்சிஜனைத் தின்றே சிதையும்.

எடுப்பது சொல்வதுபோல் எளிதன்று. குளோரெல்லாவின் விட்டம் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். சாதாரண வலைத்துணியில் நிற்காது, தானாகவும் எளிதில் படியாது. படிகாரம் போட்டால் திரண்டு இறங்கும், ஆனால் அலுமினியம் கலந்த அந்தக் கசடை என்ன செய்வது என்ற கேள்வி புதிதாக வந்து நிற்கும். சரளைக்கல் படுகையின் வழியே தண்ணீரை மெல்லச் செலுத்துவதும், படிந்த பாசி பாக்டீரியாத் திரளில் ஒரு பகுதியைத் திரும்பக் குளத்தில் விட்டுக் கூட்டமாக வளரும் இனங்களை ஊக்குவிப்பதும் பண்ணை அளவில் நடைமுறைக்கு ஏற்றவை. இன்னொரு வழி, மிதக்கும் பாசியை விட்டுவிட்டு ஒட்டி வளரும் இழைப்பாசியை நாடுவது: சரிவான தளத்தில் விரித்த வலைமீது நீர்த்த கழிவுநீரை அலை அலையாக ஓடவிட்டு, வலையில் படியும் பாசியை வாரந்தோறும் சுரண்டி எடுப்பது. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் வால்டர் மல்ப்ரியின் குழு மாட்டுச் சாணக் கரைசலில் இதைச் செய்து, உலர்த்திய பாசி மெல்லக் கரையும் உரமாகப் பயன்படுவதைக் காட்டியது. தீவனமாக்கலாம் என்ற பேச்சும் உண்டு. கழிவுநீரில் வளர்ந்த பாசி தாமிரம், துத்தநாகம் போன்ற உலோகங்களைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் என்பதால், சோதிக்காமல் அதைக் கால்நடைக்குக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உலோகம் என்றதும் ஓர் எச்சரிக்கை. குளம்பு நோய்க்காக மாடுகளை மயில்துத்த (தாமிர சல்பேட்) கரைசலில் நடக்கவிடும் பண்ணைகளில், பயன்படுத்திய கரைசலை அப்படியே வடிகாலில் கொட்டிவிடுகிறார்கள். மயில்துத்தம் உலகெங்கும் பாசிக்கொல்லியாகப் பயன்படும் பொருள். 5 விழுக்காட்டுக் கரைசல் சில நூறு லிட்டர் ஒரே நாளில் குளத்துக்கு வந்தால், பச்சை போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மறுநாள் கழிவுநீர் அதே அளவில் வந்துகொண்டிருக்கும், ஆக்சிஜன் மட்டும் இருக்காது. தாமிரம் சிதையாமல் கசடில் தங்கிவிடுவதால், பின்னாளில் அந்தக் கசடைத் தூர்வாரி வயலில் போடுவதும் சிக்கலாகும். அந்தக் கரைசலுக்குத் தனித் தொட்டி வைத்து, குளத்து வடிகாலோடு அதை இணைக்காமல் விடுங்கள்.